மிரபெல் தியேட்டரின் வியாழக்கிழமை

என் தம்பி டெஜோ பேச வேண்டிய இடத்தில் பேசமாட்டான். சின்ன வயதில் ரொட்டி வாங்க அனுப்பினால் கடை வாசல் வரை வந்து நின்றுகொண்டு, "அக்கா, நீ கேளேன்" என்பான். அமெரிக்காவில், டொலீடோ நகரத்தில் ஆற்றுக்குக் கிழக்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியாத ஜன்னலே இல்லாத ஹங்கேரிக்காரர் தெருவில் எங்கள் வீடு. பதினாறு வயதில் நான் பள்ளியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அவன் மிரபெல் தியேட்டரில் படம் ஓட்டும் அறைக்குப் போனான். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை.

மிரபெல் பேசாப் பட காலத்தில் கட்டியது. கூரையைச் சுற்றிச் சுண்ணாம்பில் செய்த தேவதைகள். அதில் ஒன்றுக்கு மூக்கு இல்லை. முப்பதுகளின் பஞ்ச காலத்தில் டிக்கெட் வாங்கினால் ஒரு தட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் அம்மா ஆறு வாரம் விடாமல் போய் ஆறு சூப்புத் தட்டுகள் சேர்த்தாள். அவற்றில்தான் இன்றும் சாப்பிடுகிறோம். பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடமுள்ள தியேட்டர்கள் வந்தன. மிரபெலில் வெள்ளிக்கிழமை இரவில்கூட இருபது பேர் இருக்க மாட்டார்கள். படம் ஓட்டும் இரண்டு எந்திரங்களையும் துடைத்து எண்ணெய் போட்டுக் கல்யாண வீட்டு வெள்ளிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தது என் தம்பி மட்டும்தான். ஒரு ரீல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை, அவன் ஓட்டும்போது, யாரும் கண்டுபிடித்ததில்லை. அக்கா என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எழுபத்தேழாம் வருஷம் முதலாளி ஹதாத் ஒரு கடைசி முயற்சி செய்தார். சனிக்கிழமை நடுராத்திரி ஒரு காட்சி, கிடைக்கிற படத்தைப் போட்டு. கிடைத்த படம் 'ஈரக் கல்யாணம்'. ஏரியிலிருந்து ஒரு ரப்பர் அரக்கன் எழுந்து வந்து பாதிரியார் மகளைக் கட்டிக்கொள்கிற கதை. அரக்கனின் முதுகில் ஜிப் தெரியும். எடுத்த கம்பெனி திவாலானதால் படப்பெட்டியைத் திரும்பக் கேட்க ஆளில்லை. முதல் வாரம் சிரிக்க வந்தவர்கள் அடுத்த வாரம் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் மாதம் கல்யாண கவுன் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள், ஆண்களும் சேர்த்துத்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லா போட்டிருந்த கவுன் அவளுடைய உண்மையான கல்யாண கவுன். "புருஷன்தான் ஓடிட்டான், துணி என்ன பாவம் பண்ணிச்சு?" என்பாள்.

படத்தில் ஒரு இடம் உண்டு. அரக்கன் நீர் சொட்ட நிற்கிறான். அப்பாவான பாதிரியாரே மகளிடம், "இவரை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். ஒரு சனிக்கிழமை சரியாக அந்த இடத்தில் படச்சுருள் எந்திரத்தில் சிக்கி எரிந்துபோனது. திரை வெளுத்தது. எரிந்த துண்டை, அவள் பதிலோடு சேர்த்து, வெட்டி எறிந்துவிட்டு ஒட்டும்வரை ஐந்நூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பால்கனியிலிருந்து ஒருவன் பின்னால் திரும்பி, "ஏய் டெஜோ! அவ என்னதான்யா சொன்னா?" என்று கத்தினான்.

என் தம்பி அறைச் சுவரிலுள்ள சின்ன ஜன்னலில் வாயை வைத்து, "அடுப்ப அணைச்சியான்னு கேட்டா" என்றான்.

அவன் ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்களாம். அடுத்த வாரம் வெட்டிய இடம் வந்ததும் எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். அவன் எந்திரத்தின் விளக்கை மூடித் திரையை இருட்டாக்கினான். "டெஜோ! அவ என்ன சொன்னா?"

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு பதில். ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொன்னதில்லை. வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போதும் பனி தள்ளும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "எனக்கு மட்டும் சொல்லேன்டா" என்றால், "டிக்கெட் வாங்கிட்டு வா அக்கா" என்பான். ஒரு வருஷம் ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமை அவன் சொன்ன பதில்: "மாப்பிள்ளைக்கு வேலை இருக்கான்னு கேட்டா." சிரிப்பு எழுந்து பாதியிலேயே நின்றதை நானே கேட்டேன். நான் பால்கனியில் இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பெரிய பெரிய ஆண்களைப் பார்த்தேன். இவன் என் தம்பி என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். "தெரியும்மா, போன தடவையும் சொன்னீங்க" என்றான் அவன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், பனி உருகும் சமயத்தில், காலைச் சாப்பாட்டு மேசையில் டெஜோவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள், பிழைக்க வைத்தார்கள். வலது கையும் காலும் பாதி வந்தன. பேச்சு வரவில்லை. வந்தது ஒரே ஒரு வார்த்தை: வியாழக்கிழமை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வியாழக்கிழமை, வலித்தாலும் வியாழக்கிழமை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம், "உள்ள எல்லாமே இருக்கு, இலோனா. யோசிக்கிறார், புரிஞ்சுக்கிறார். வெளிய வர்ற வழிதான் அடைச்சுப் போச்சு. சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்" என்றாள்.

"ஏன் இந்த வார்த்தை?"

"காரணம் கிடையாது."

நான் விடாமல் தேடினேன். வியாழக்கிழமை எங்கள் தெருவில் குப்பை வண்டி வரும், தியேட்டருக்குப் புதுப் படப்பெட்டி வரும். அம்மா இறந்தது செவ்வாய். ஒன்றும் பொருந்தவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடவும் அவனுக்கு அந்த வார்த்தைதான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் மார்லா ஒரு பாத்திரத்தில் கோழிக் குழம்போடு வந்தாள். டெஜோ உள்ளே படுத்திருந்தான்.

"இப்ப நார்பர்ட்தான் ஓட்டுறார்" என்றாள். நார்பர்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், டெஜோவிடம் தொழில் கற்றவர். "அந்த இடம் வந்தா விளக்க மூடுறார். நாங்களும் வழக்கம்போல திரும்பிக் கேக்குறோம். பதில் இல்ல. ஒரு நிமிஷம் சும்மா இருட்டுல உக்காந்திருக்கோம், சர்ச்சுல மாதிரி. டெஜோவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்."

"அவனால பேச முடியாது மார்லா."

"பேசவே வேணாம். ஜன்னல்கிட்ட நின்னா போதும். நாங்க கை தட்டிட்டுப் போறோம்."

பின்னால் சத்தம் கேட்டது. டெஜோ இடது கையில் தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றான்.

அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் துடைக்கும்போது அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பழைய அசைவு. ஏதோ ஒரு பதிலைத் தயார் செய்கிறான். அது உள்ளே முழுசாக இருக்கிறது. வெளியே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். காலரை இரண்டு தடவை.

நானும் நார்பர்ட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனை இரும்புப் படிகளில் ஏற்றினோம். எந்திரத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒரு இடத்தில் தூசியைக் கண்டு நார்பர்ட்டை முறைத்தான். "ஐயோ, வாத்தியார் வந்துட்டாரு" என்றார் நார்பர்ட். டெஜோ சிரித்தான், பாதி முகத்தால். அந்த நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.

பாதிரியார் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். நார்பர்ட் விளக்கை மூடினார். கீழே அத்தனை முகங்களும் திரும்பின.

"டெஜோ! அவ என்ன சொன்னா?"

அவன் ஜன்னலில் முகத்தை வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "விடுடா, சும்மா கைய மட்டும் காட்டு" என்று முதுகில் கை வைத்தேன். அவன் தோளால் என்னைத் தள்ளினான்.

"வியாழக்கிழமை" என்றான்.

தியேட்டர் சிரிப்பில் வெடித்தது. மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டால், வியாழக்கிழமையாம்! இத்தனை வருஷத்தில் சொன்னதிலேயே இதுதான் உச்சம் என்று விசில் அடித்தார்கள். டெஜோ தலையை ஆட்டினான், இல்லை இல்லை என்று. மறுபடி முயன்றான். "வியாழக்கிழமை. வியாழக்கிழமை!" கூட்டம் எழுந்து நின்றது. அவன் இடது கை விரல்களை மடக்கிச் சுவரில் குத்தினான். தொம், தொம். கீழே யாரோ நாற்காலியில் பதிலுக்குத் தட்டினார்கள். ஒருவர் தொடங்க எல்லோரும் தட்டினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ரொட்டிக் கடை வாசலில் பார்ப்பானே, அதே பார்வை. நான் கேட்டு வாங்கித் தர வேண்டும் அவனுக்கு. ஆனால் அவன் சொல்ல வந்தது என்னவென்று எனக்கும் தெரியாதே. நார்பர்ட் விளக்கைத் திறந்தார். படம் ஓடியது.

மார்லா படியேறி ஓடி வந்தாள், நனைந்த கவுனோடு, அழுதுகொண்டே. "பேசிட்டார்! இலோனா, பேசிட்டார்!" என்று அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வீட்டிலேயே இருப்பான் என்று நினைத்தேன். இல்லை, போனான். மறுபடியும் உதடு அசைய வாரம் முழுக்கத் தயார் செய்தான். மறுபடியும் அதே வார்த்தை, அதே குத்து. இப்போது கூட்டம் அவனுக்கு முன்பே தட்டத் தயாராக இருந்தது. மூன்றாம் வாரம் பாதிப் பேர் அந்த வார்த்தை அச்சடித்த பனியன் போட்டு வந்தார்கள். நான் இடைகழியில் மார்லாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது ஜோக் இல்ல மார்லா. அவன் சொல்ல நினைக்கிறது வேற."

"வேற என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். நல்லவள்தான் அவள், இரக்கமில்லாதவள் இல்லை. "எனக்குப் புரியுது, இலோனா. ஆனா போய் என்னன்னு சொல்றது? நானூறு பேர்கிட்ட சிரிக்காதீங்கன்னு சொன்னா, அவருக்கு வேற என்ன மிச்சம் இருக்கு?"

அவள் ஒரு பனியனை என் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து அதை மூலைக்கு மூலை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அடுத்த நாள் அவன் பார்த்துவிட்டான். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

மிரபெலில் இப்போது சனிக்கிழமை இடம் கிடைப்பதில்லை. ஹதாத்தின் மகன் கூரைக்குச் சாயம் அடித்துவிட்டான், தேவதைக்கு மூக்கும் வைத்துவிட்டான். டெஜோ ஒரு வாரமும் தவறவிடவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம், சூப்புத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். வலது கைக்கு நான்தான் கோட்டுக்குள் வழி காட்ட வேண்டும், பொத்தானும் நான்தான் போட வேண்டும்.

"எதுக்குடா இன்னும் போற?" என்று கேட்டேன். "அவங்க சிரிக்கிறதுக்கா?"

அவன் உதடு அசைந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, எனக்குப் புரிய வேண்டும் என்ற கவனத்தோடு, பதில் சொன்னான். அதே ஒரு வார்த்தைதான், நான் காது கொடுத்துக் கேட்டேன். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவனோடு போவதற்காக என் கோட்டையும் எடுத்தேன்.