என் வில்லனின் இடது கால்

வில்லன் என்றால் உடம்பில் ஏதாவது ஒன்று குறைந்திருக்க வேண்டும் என்று பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் படித்த சாகச காமிக்ஸ்களில் அப்படித்தான். ஒற்றைக் கண், இரும்புக் கை, கட்டைக் கால். எல்லாம் சரியாக இருப்பவன் உலகத்தை அழிக்க நினைப்பானேன் என்பது என் மேதாவித்தனம். தப்பித்தவறி நல்லவன் ஒருவன் சக்கர நாற்காலியில் வந்தாலும், கடைசிப் பக்கத்தில் மின்னல் தாக்கி எழுந்து நின்றுவிடுவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் முத்தியால்பேட்டை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகச் சுற்றும். படித்தவர்கள் கடைசியில் உள்ள வெற்றுத்தாளில் அபிப்பிராயம் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். படக்கதை என் பொறுப்பு. முகமூடியும் மேலங்கியுமாகப் பறக்கும் வீரனை வரைந்தேன். அவன் எதிரிக்கு இடது கால் விந்தும். அந்த வில்லன் வரும்போதெல்லாம் ‘டக்... சர்ர்... டக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

அந்தச் சத்தம் என் கற்பனை இல்லை. பக்கத்துத் தெரு அக்காவினுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. போலியோ தாக்கிய இடது காலில் இரும்புப் பட்டை போட்ட காலிப்பர். எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் பிடிக்கக் காரணமே அவர்தான். தமிழில் வருவதையெல்லாம் வாங்கி, தான் படித்ததும் எனக்குத் தருவார். பிரான்சிலிருந்து அவர் மாமா அனுப்பும் படக்கதைகளை வரிக்கு வரி தமிழில் சொல்வார். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

பத்திரிகை அக்கா வீட்டுக்குப் போய்விட்டது என்று நண்பன் சொன்ன பிறகுதான், யாருடைய நடையை வரைந்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. இனி அக்கா என் முகத்தில் விழிப்பாரா?

சைக்கிளை எடுத்தேன். பக்கத்தைக் கிழித்துவிடலாம், மையைக் கொட்டிவிடலாம், முடியாவிட்டால் மென்று விழுங்கிவிடலாம் என்று வழியெல்லாம் திட்டம். குழாயடியில் வரிசையாக இருந்த குடங்களில் மோதி, நாலு பேரிடம் திட்டு வாங்கினேன்.

அக்கா காலிப்பரைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, மடியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாடா, நாய் தொரத்துச்சா?”

“அக்கா, அது நீங்க இல்லக்கா!”

“எது?”

அவர் இன்னும் சமையல் குறிப்பைத் தாண்டியிருக்கவில்லை.

அப்புறம் சும்மா இருப்பாரா? புரட்டினார். ‘டக்... சர்ர்...’ என்று வாய்விட்டே படித்தார். சிரிக்கவில்லை.

“அப்ப இது நான்தானா?”

“வில்லன்னா அப்படித்தானேக்கா...”

“அதான்டா. நானும் சின்னதுலேந்து பாக்கறேன். விந்துனா கெட்டவன். நல்லவனா இருந்தா மின்னல் அடிச்சி கால் சரியாயிடும். மின்னலுக்கு வேற வேலயே கெடையாதா?”

“அழிச்சிடறேன்க்கா.”

“அழிக்காத. இவன் இருந்துட்டுப் போவட்டும். அடுத்த மாசம் உன் ஹீரோ விந்தட்டும். கடைசி வரைக்கும்.”

“விந்துனா எப்படிக்கா பறப்பான்?”

“பறக்கறவனுக்குக் கால் எதுக்குடா, லூசு?”

அக்கா பத்திரிகையை என் பக்கம் திருப்பி, வில்லன் நடந்து வரும் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இன்னொண்ணு. நீ வரைஞ்சிருக்க மாதிரி நடந்தா ரெண்டாவது கட்டத்துலயே குப்புற வுழுவான். நான் நடக்கறத நீ ஒழுங்கா பாத்ததே இல்ல, இல்ல?”

வாஸ்தவம். சத்தத்தைத் திருடியவனுக்கு, காலிப்பர் முழங்காலை மடக்கவிடாமல் பூட்டிக்கொள்ளும் என்பதுகூடத் தெரியாது. அன்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் நியாயம்தான். சாத்தாமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், “நடந்து காட்டறீங்களாக்கா? பாத்து வரையறேன்” என்று கேட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அக்கா தன் வீட்டுக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். நான் பார்த்து வரைந்தேன். அடுத்த மாத இதழில் என் வீரன் கடைசிக் கட்டம் வரை விந்தியேதான் நடந்தான்.