மூலை சேராத வீடு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கையில் ஆபீஸ் பை, கறிவேப்பிலை, நீளமாக நாலு முருங்கைக்காய். விளக்கு போய், மின்விசிறியும் போய், சுற்றிலும் தகரம். பயம் வருவதற்கு முன்னால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த லிஃப்ட் இருக்கும் இடத்தில்தான் முன்பு படிக்கட்டு இருந்தது. அதில் கிட்டத்தட்ட இதே உயரத்தில்தான் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். அன்றைக்கும் கையில் முருங்கைக்காய்தான். வங்காளத்தில் நாங்கள் இருக்கும் இந்த டாக்குரியாவில் முருங்கைக்காய்க்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தம் சரியில்லை போலிருக்கிறது.

அப்போது இங்கே நின்றது மூன்று மாடிப் பழைய வீடு. சிவப்பு சிமெண்டுத் தரை, பச்சை மரக் கதவு போட்ட ஜன்னல்கள், ரயில் போனால் லேசாக நடுங்கும் பாத்திர அலமாரி. லிஃப்டாவது ஒன்றாவது! டாக்டர் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பேர் நாற்காலியோடு என்னை மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கினவர்கள் மூச்சு வாங்கியதைப் பார்த்தபோதே, ஆறு வாரத்துக்கு யாரும் என்னைக் கீழே இறக்கப்போவதில்லை என்று புரிந்துவிட்டது.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு போன். சென்னையிலிருந்து என் நாத்தனார், "அப்பாடா, ஒரு வழியா ரெஸ்ட் கெடச்சுது மன்னி. ராணி மாதிரி இருங்கோ" என்றாள். ராணியை என் வீட்டுக்காரர் காலை ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து பூட்டிவிட்டு பாங்குக்குப் போவார். எழுந்து போய்க் கதவைத் திறக்க முடியாதவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் ஆபத்து என்று ஏற்பாடு. பூட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

அந்த வாரத்திலேயே முதலாளியும் கூப்பிட்டார். நான் வேலை பார்த்தது கட்டட வரைபடம் போடும் சின்ன ஆபீஸில். அவர் வங்காளி, எங்கள் பேச்சு பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ். என்னை 'திதி', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "திதி, நல்லதாப் போச்சு, டைம் கெடச்சிருக்கு. அந்த த்ரீ-டி சாஃப்ட்வேரைக் கத்துக்கிட்டு ஒரு முழுக் கட்டடம் போட்டுக் காட்டுங்க. துர்கா பூஜைக்கப்புறம் ஹோட்டல் வேலை ஆரம்பம். தெரிஞ்சவங்கதான் அதுல இருப்பாங்க. இல்லேன்னா... பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு முன்னால் அதைக் கேட்டவர் இப்போது இன்ஷூரன்ஸ் விற்கிறார்.

இருபது வருஷமாகக் கோடு போட்டுப் பிழைத்தவள் நான். முதலில் டிரேசிங் பேப்பரில், பிறகு கம்ப்யூட்டரில். எங்கே போட்டாலும் கோடு கோடுதான், சொன்ன இடத்தில் படுத்துக் கிடக்கும். இந்தப் புது மென்பொருளில் கோடு போட்டால் சுவர் எழுந்து நிற்கிறது! மணைப்பலகையை மடியில் குறுக்கே போட்டு, அதன்மேல் ஆபீஸ் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பனி விழும் ஊரில் யாரோ ஒரு பையன் வீடு கட்டும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவன் "வெரி சிம்பிள்" என்பான். எனக்குக் கதவு போய் உத்தரத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது யாருக்கு வாசல், பல்லிக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோர் சாதம்தான். அதுவும் அவரே கரைத்துக்கொண்டது.

கட்டுக்குள்ளே கால் அரிக்கும். பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தபடி, நாற்பத்தாறு வயதில் இது என்ன தலையெழுத்து என்று வாய்விட்டு அழுதிருக்கிறேன். எங்கேயும் போக வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம் என்கிற நேரத்துக்கு ஓய்வு என்று பேர் வைத்தவன் கையில் கிடைத்தால் அந்த ஊசியாலேயே குத்தியிருப்பேன்.

என்னைப் போலவே பூட்டப்பட்ட இன்னொருவர் கீழே இருந்தார். தரைத்தளத்து பௌதி. பௌதி என்றால் அண்ணி. தெருவுக்கே அவர் அண்ணி. இரண்டு முழங்காலும் போய்விட்டதால் பல வருஷமாக அவர் மாடி ஏறியதில்லை. நான் இறங்க முடியாதவள், அவர் ஏற முடியாதவர். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கயிறு, அதன் நுனியில் மூங்கில் கூடை. காய்கறிக்காரனுக்காக ஜன்னலில் எல்லாரும் வைத்திருந்ததுதான். காலையில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடியே நான் கூடையை இறக்குவேன். "ஏய் மத்ராஜி பௌ!" என்று கீழிருந்து குரல் வரும். மதராஸ்காரன் பெண்டாட்டியே என்று அர்த்தம். கூடையில் கசகசா போட்ட உருளைக்கிழங்கு ஏறும், கட்டிலருகே மின்னடுப்பில் நான் வைத்த ரசம் பாட்டிலில் இறங்கும்.

தெரிந்த கட்டடம் ஒன்றைப் போடு என்றான் பனிக்காரப் பையன். எனக்குக் கைக்கெட்டியது இந்த வீடுதான். படிகளை அளந்தது வீட்டுக்காரர். என் காலை உடைத்த படி மற்றதைவிட ஒரு அங்குலம் உயரம் என்று தெரிந்தபோது, சாயங்காலம் பூரா அதையே பேசிக்கொண்டிருந்தேன். தரைத்தளத்தை பௌதி தன் தையல் டேப்பால் அளந்து, கூடையில் சீட்டு அனுப்புவார்.

அங்கேதான் வந்தது வினை. சுவர்களை எழுப்பினால் கடைசி மூலை சேரவில்லை. வாய் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு நாள் அழித்து அழித்துப் போட்டேன். பிறகு ஜன்னலில் சாய்ந்து, "பௌதி, அளவு தப்பு. மறுபடியும் எடுங்கோ" என்று கத்தினேன். "ஆரே பாபா, இந்தத் தெருவுக்கே ரவிக்கை தைச்சவ நான். எனக்கு நீ டேப்பு பிடிக்கக் கத்துத் தரியா?" என்று அவரும் கத்தினார். மறுநாள் காலைக் கூடை காலியாக ஏறியது. எனக்கு அது பொறுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து என் அறையை நானே அளந்தேன். என் அறையும் சேரவில்லை. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எந்த வெங்காயம் கைதவறி விழுந்தாலும் ஒரே மூலைக்கு ஓடும். எத்தனை தடவை குனிந்து எடுத்திருக்கிறேன்! நான் முட்டாள் இல்லை, வீடு கோணல். சந்தோஷத்தில் ஜன்னல் வழியே, "பௌதி, வீடுதான் கோணல்!" என்று கூவினேன். "அது தெரியாமத்தான் இருந்தியா?" என்றார். கூடையில் இரண்டு ரசகுல்லா ஏறியது.

ஆனாலும் பயம் விடவில்லை. ஒரு பித்தானை அமுக்கினால் எல்லா மூலையும் தானே நேராகிவிடும். முதலாளி பார்க்கும்போது அழகாக இருக்கும். அமுக்கிப் பார்த்தேன். பௌதியின் சமையலறை நாலு விரல் குறைந்துவிட்டது. ஏற்கெனவே அதில் ஓர் ஆள்தான் நிற்கலாம். மனசு கேட்கவில்லை, பழையபடி கோணலாகவே மாற்றிவிட்டேன். பௌதிக்குப் போனில் படத்தை அனுப்பியபோது, பல வருஷமாகப் பார்க்காத எங்கள் மேல்மாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. கூடை எங்கே?" என்றுதான் கேட்டார். மென்பொருளில் படத்தில் எடுத்து வைக்க நாயோடு நடக்கும் வெள்ளைக்காரன் இருந்தான், ஈச்சமரம் இருந்தது. கூடை இல்லை.

பூஜை முடிந்து ஊன்றுகோலோடு ஆபீஸ் போனேன். முதலாளி படத்தைப் பெரிதாக்கி, "திதி, மூலை சேரலையே?" என்றார். "வீடே சேரலை சார். அதை நேராக்க என்னால ஆகாது" என்றேன். அவர் சிரித்தார். அந்த ஹோட்டல் என்பது பழைய ஜமீன் மாளிகையைப் புதுப்பிக்கும் வேலை. அதில் ஒரு மூலைகூட நேராக இல்லையாம். அன்றைக்கே என் மேஜையை ஹோட்டல் வேலை நடக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

வேலை நிலைத்தது, வீடு நிலைக்கவில்லை. தெருவில் ஒவ்வொன்றாக எல்லா வீடும் பில்டரிடம் போயின, எங்களுடையதும் போனது. மாடிக் குடித்தனங்களுக்குப் புதுக் கட்டடத்தில் ஃப்ளாட் கிடைத்தது. தரைத்தளம் கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டதால், பௌதி பணத்தை வாங்கிக்கொண்டு பூனாவில் மகனிடம் போனார். போன குளிர்காலத்தில் அவர் இறந்த செய்தியை மகன் வாட்ஸப்பில் ஒரு வரியில் அனுப்பினான். என் படத்தில் அவர் வாசல் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. கதவைத் திறக்க வைப்பது எப்படி என்று அப்போது நான் கற்றிருக்கவில்லை.

இப்போதைய வீட்டில் எல்லா மூலையும் சேருகிறது. வெங்காயம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை, கூடை இறங்காது.

லிஃப்டில் சிரிப்பு அடங்கியதும் மூச்சு முட்டியது. அலாரத்தை அமுக்கினேன், கதவைத் தட்டினேன். பிறகு நினைத்துச் செய்யவில்லை, தொண்டையிலிருந்து தானாகவே வந்தது: "பௌதி!"

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து காவலாளியின் குரல் கேட்டது. மூன்று வருஷமாகத் தினமும் எனக்கு சலாம் போடுகிறவர்.

"யாரு மேடம்? எந்த ஃப்ளாட் நம்பர்?"

நம்பரைச் சொன்னேன்.