குறுக்கே இழுபடும் துணி

எங்கள் செம்பாக்கத்துச் சந்துக்கு வந்து கோகிலவாணி வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தமிழினி மிஸ் வீடு என்று கேளுங்கள், ஏதாவது ஒரு வாண்டு கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடும். தமிழினியின் அம்மாதான் கோகிலவாணி. அவள் வாசலும் என் வாசலும் எதிரெதிர். நான் ஜஹீரா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சமா என்று என் வீட்டுக்காரர் ஜமால் கேட்பார். அவர் கிடக்கிறார்.

கோகிலா சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவள். லாரி ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தாம்பரம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலர் வேலை. டைலர் என்றால் முழுச் சட்டையும் தைப்பவள் என்று நான்கூட ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வெட்டுவது ஒருவர், கை வைப்பது ஒருவர், கழுத்து வைப்பது ஒருவர். கோகிலாவுக்குக் கிடைத்தது தோள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்து ஒரு ஓட்டு ஓட்டி அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிடவேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை தோள், தோள், தோள். இத்தனை வருஷமாக அதேதான். எந்தெந்த ஊர்க்காரர்கள் தோளிலோ அவள் தையல் உட்கார்ந்திருக்கிறது.

தமிழினி பத்தாவது படிக்கும்போதுதான் படியேறும்போது விழ ஆரம்பித்தாள். சத்து இல்லை என்றார்கள். சந்தே சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு முட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டியது, நானும்தான் ஊட்டினேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், அது தசை பலமிழந்துகொண்டே போகிற வியாதி என்றார்கள். முதலில் இடுப்பு, அப்புறம் தோள். சின்ன வயது டாக்டர், பாவம், நல்ல பையன். "மருந்து இல்லம்மா. இருக்கிற பலத்தை வீணாக்காம பாத்துக்கணும்" என்று கோகிலாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இதைக் கேட்டபிறகு லாரிக்காரர் ஓசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். அந்த ஆளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

தமிழினி கல்லூரியில் சேர்ந்தாள், மாடி வகுப்பு என்பதால் பாதியில் நின்றுவிட்டாள், தபாலில் படித்து முடித்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சாயங்காலம் சந்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் திட்டினால் என் வீட்டுச் சின்னவன் மஹீன்கூடப் பேசாமல் படிப்பான். நான் திட்டினால் டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

கோகிலா காலையில் இருட்டோடு கம்பெனி வேனுக்கு ஓடவேண்டும். அதனால் தமிழினி குளித்து, உடுத்தி, உட்காருவது எல்லாம் அவளாகவே செய்துகொள்ள வேண்டும். குளிக்க ஸ்டூல் இருந்தது. பேன்ட் எலாஸ்டிக் வைத்தது. மேல்சட்டைதான் பெரிய பேஜார். கை தோளுக்கு மேலே ஏறாது. முன்பக்கம் பட்டன் வைத்தால் என்ன என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன்.

"ரெண்டாவது கைய மாட்ட முதுகுப் பக்கம் கொண்டுபோணும் ஆன்ட்டி. அது இன்னும் கஷ்டம்" என்றாள் தமிழினி.

"அப்ப நைட்டி போட்டுக்கயேன். எவ்ளோ லூசா இருக்கு பாரு."

"நைட்டி போட்டா படுத்துக்கலாம்னு தோணும் ஆன்ட்டி. பசங்க மிஸ்னு கூப்பிடமாட்டாங்க."

அதற்குப்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. நாக்கு ஒன்று இருக்கிறதே எனக்கு, அதை அன்றைக்குக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

கோகிலா கண்டுபிடித்ததுதான் பனியன் துணி டாப். தாம்பரம் மார்க்கெட்டில் திருப்பூர் பனியன் துணி வெட்டு மிச்சங்களைக் கிலோ கணக்கில் விற்பார்கள். அந்தக் குவியலில் குடைந்து குடைந்து நல்ல நிறமாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது. அகலக் கழுத்து, தொளதொள கை, இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளம். தினமும் போடுகிற சாதாரண டாப்தான். தமிழினி அதை மேசைமேல் விரித்து, உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் உள்ளே விட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைக் குனிந்து கழுத்துக்குள் நுழைத்துவிடுவாள். துணி இழுபட்டு வழிவிடும். பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தால் டாப் தானாக இறங்கும். நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பிலே வேர்வை.

போகப்போக டாப்பின் கழுத்து அகலமாகிக்கொண்டே வந்தது. கையும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோகிலா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். "இப்ப இதான் மாடலு" என்பாள். பெண்ணும் "ஆமா ஆன்ட்டி, ஓவர்சைஸ்" என்பாள். இரண்டும் நல்ல ஜோடி.

போன மாதம் ஒரு காலை. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து யாரோ போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல ஒரு சத்தம். ஓடினேன். தமிழினி மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறாள். தலையும் இரண்டு கையும் புது டாப்புக்குள், பச்சைக் கோடு போட்ட டாப். உள்ளேயும் போகமுடியவில்லை, வெளியேயும் வரமுடியவில்லை. முதுகு வெறுமையாக இருக்கிறது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ. பிடித்து இழுத்து எடுத்தேன். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, அந்தப் பிள்ளை முதலில் கேட்டது, "யாரும் பாக்கலல்ல ஆன்ட்டி?"

யா அல்லாஹ், அன்றைக்கு நான் அழுத அழுகை. அவள் எதிரில் இல்லை, என் சமையலறையில். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியிருந்தது.

சாயங்காலம் கோகிலா வேனிலிருந்து இறங்கியதும் நானே சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த டாப்பை எடுத்தாள். நீளவாக்கில் இழுத்தாள், ரப்பர் மாதிரி வந்தது. குறுக்கே இழுத்தாள், வரவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"ஐயே, நான்தான் ஜஹீரா. துணியத் திருப்பிப் போட்டு வெட்டிக்கீறேன்."

எனக்கு விளங்கவில்லை. சொல்லிக்கொடுத்தாள். பனியன் துணி குறுக்கேதான் நன்றாக இழுபடும், நீளவாக்கில் அவ்வளவு இழுபடாது. அந்த இழுபடுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வரவேண்டும், அப்போதுதான் தலையும் தோளும் நுழையும். இந்தத் துண்டு சின்னது. கோடு நேராக நிற்கட்டும் என்று திருப்பி வைத்து வெட்டிவிட்டாள். அவள் தோள் சேர்க்கிறவள்தானே, வெட்டுகிறவள் இல்லையே.

"பாத்தியா கண்ணு, துணிதான் தகராறு. உனுக்கு ஒண்ணுமில்ல" என்று பெண்ணின் தலையைத் தடவினாள்.

தமிழினி "ம்" என்றாள்.

எங்கள் மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள் கோகிலா. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. தப்பு வெட்டு என்றால் சரியாக வெட்டிவிடலாம் அல்லவா. சிக்கிக் கிடந்ததில் தமிழினிக்கு வந்த தோள் வலி ஆறட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைவரை கோகிலாவே விடியுமுன் அவளை எழுப்பிப் பழைய டாப்பை மாட்டிவிட்டுப் போனாள். பிள்ளை அரைத் தூக்கத்தில் உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே மிச்சத் தூக்கத்தைத் தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது டாப் ரெடி. மயில் கழுத்து நிறம், பெரிய துண்டாகத் தேடி வாங்கிவந்தது. வெட்டுவதற்கு முன்னால் மூன்று தரம் இழுத்துப் பார்த்து, இழுபடுகிற பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, என்னையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். எனக்கென்ன தெரியும், ஆனாலும் இழுத்தேன். கழுத்தை இன்னும் இரண்டு விரல் அகலம் வைத்திருந்தாள்.

"போட்டுப் பாரு கண்ணு."

தமிழினி மேசைமேல் விரித்தாள். கைகளை விட்டாள். முழங்கையை ஊன்றினாள். ஊன்றிய முழங்கை வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். தலையைக் குனிந்தாள், துணியின் விளிம்பு நெற்றிவரை வந்தது. அங்கிருந்து மேலே தள்ளக் கை வரவில்லை. தோள் நடுங்கியது. மூன்றாவது தரமும் குனிந்தாள். கோகிலா கை நீட்டவில்லை, சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கமுடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சநேரம் கழித்துத் தமிழினி கைகளை வெளியே எடுத்து டாப்பை மேசையில் வைத்தாள். துண்டை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள்.

நான் சும்மா இருப்பேனா. டாப்பை எடுத்துக் குறுக்கே இழுத்தேன். இழுபட்டது, இழுக்க இழுக்க வந்தது. நீளவாக்கில் இழுத்தேன், அவ்வளவாக வரவில்லை. வெட்டில் ஒரு தப்பும் இல்லை.

கோகிலா என் கையிலிருந்து அதை வாங்கினாள். இழுத்துப் பார்க்கவே இல்லை.

"மறுபடியும் தப்பா வெட்டிட்டேன் போலகீது கண்ணு" என்றாள்.

தமிழினி நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று ஒரு பார்வை. ஊர் வாயையெல்லாம் அடக்குகிற நான் அந்தப் பார்வைக்கு அடங்கிப்போனேன்.

"ஆமாம்மா, தப்பா வெட்டிட்ட" என்றாள் தமிழினி. "வேற தச்சுக் குடு."