வைங்க, நானே கூப்பிடுறேன்

அம்மா போன பிறகு வந்த முதல் பெருவெள்ளம் இது. மாடி வீட்டு அக்கா படியிறங்கி வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இதுல ஆளாளுக்கு நன்கொடை கேக்குறாங்க. யாருக்கு அனுப்புறதுன்னே தெரியல. உங்கம்மா இருந்திருந்தா..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கே பூமி அதிர்ந்தாலும், எங்கே புயல் அடித்தாலும் எங்கள் குடியிருப்பில் பணம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அம்மாவிடம்தான் வருவார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொலைபேசியை மடியில் வைத்து உட்காருவாள். ஒரு மணி நேரத்தில் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சொல்லிவிடுவாள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மாடி அக்காவிடம் சொன்னேன். சொன்னதையே எழுதுகிறேன்.

அம்மா பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். தரைக்குக் கீழே, சலவை அறைக்கும் பிணவறைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத அறை. "இந்தப் பக்கம் வெளுக்குறாங்க, அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறாங்க. நடுவுல உக்காந்து நான் ஹலோ சொல்றேன்" என்பாள்.

அவள் வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவன் அழுதுகொண்டே அழைத்தான். ஒரு நோயாளியின் அண்ணன் என்றான். எந்த வார்டு என்று கேட்டான். பக்கத்து நாற்காலிக்காரி மனசு இளகிச் சொல்லிவிட்டாள். வந்தவன் அண்ணன் இல்லை. அந்தப் பெண்ணை அடித்து மருத்துவமனைக்கு அனுப்பியவனே அவன்தான்.

அன்றிலிருந்து, யார் எந்தக் குரலில் பேசினாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "வைங்க, நானே கூப்பிடுறேன்." அவர்கள் கொடுக்கும் எண்ணை எடுத்துக்கொள்ள மாட்டாள். தானே விசாரித்து வாங்கிய எண்ணுக்குத்தான் அழைப்பாள். நான் விடுதியிலிருந்து பேசினாலும் கட் பண்ணிவிட்டு வார்டன் அறைக்கு அழைப்பாள். தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்: "நான் பொறந்ததையே எங்கம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போன் பண்ணித்தான் நம்புனாங்க."

தம்பியை வீட்டில் வாண்டு என்போம். ஆறடி வாண்டு. துறைமுக ஊரில், மீன் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரும்புயல் அந்த ஊரில் கரையைக் கடந்த மாலை அவன் பேசினான். "கம்ப்ரெசர் ரூமுக்குள்ள தண்ணி வருதும்மா. மோட்டாரைத் தூக்கி மேல வைக்கணும். அப்புறம் பேசுறேன்." அம்மா திரும்பக் கூப்பிட்டாள். அதற்குள் அங்கே செல்போன் கோபுரம் விழுந்திருந்தது.

மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் இணையப் பக்கத்தில் அவன் படத்தையும், பெயரையும், எங்கள் வீட்டு எண்ணையும் போட்டேன். அதற்கடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள். நானும் சித்தியும் பக்கத்தில் நின்றோம்.

"அம்மாங்களா? நிவாரணக் குழுவுலருந்து பேசுறோம். உங்க பையன் எங்க முகாம்லதான் இருக்கார். கால் நசுங்கியிருக்கு. படகுல அக்கரைக்குக் கொண்டு போகணும். டீசலுக்கு மட்டும் நன்கொடை போட்டுட்டீங்கன்னா இப்பவே கிளம்பிடலாம். லேட் ஆக ஆக கஷ்டம் பாருங்க."

"குழுவோட முழுப் பேர் சொல்லுங்க."

சொன்னான்.

"அவனைப் பேசச் சொல்லுங்க."

"மயக்கத்துல இருக்காருங்க."

"சரி. வைங்க, நானே கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள். சித்தி அலறினாள். "அக்கா! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? புள்ள உயிரோட இருக்கான்னு ஒருத்தன் சொல்றான், நீ ஆபீஸ் வேலை பாக்குற!"

திரையில் இருந்த எண்ணுக்கு நான் அழைத்தேன். போகவில்லை. மறுபடி. போகவில்லை.

நான் துணை மின் நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்களைப் பார்ப்பவள். கோளாறு வந்தால் லைனைத் துண்டிப்பது ரிலேயின் வேலை. அதில் இரண்டு வகைத் தவறு உண்டு: துண்டிக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருப்பது ஒன்று, நல்ல லைனைத் துண்டிப்பது இன்னொன்று. இரண்டாவது நடந்தால் ஊர் கொஞ்ச நேரம் இருட்டில் இருக்கும், அவ்வளவுதான், பிறகு சேர்த்துவிடலாம். இந்த லைனைச் சேர்க்க வழியில்லை.

அம்மா துறைமுக ஊர் மருத்துவமனையின் ஆபரேட்டரைத் தரைவழி இணைப்பில் பிடித்தாள். நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் இருபது வருடக் குரல் பழக்கம். அந்தப் பெண் நிவாரண அமைப்புகளின் எண்கள் சில கொடுத்தாள்.

காலையில் டீசலுக்குக் கேட்டவன் சொன்ன பெயர், பேர் போன ஒரு நிறுவனத்தின் பெயர் மாதிரியே இருந்தது. ஒரு சொல் மட்டும் வேறு. நிஜ நிறுவனத்தில் ஒரு பெண் பதமாகப் பேசினாள். "எங்களுக்கு அங்க முகாமே இல்லம்மா. வண்டி இன்னும் உள்ள போக முடியல. இப்ப சேக்குற பணம் பின்னாடி வீடு கட்டுறதுக்கு."

அடுத்த இடத்தில் ஓர் ஆள் உற்சாகமாக எடுத்தான். "எங்ககிட்ட எல்லாம் தயாரா இருக்கும்மா. எவ்வளவு போடுறீங்க? உங்க பையனைக்கூடப் பாத்த ஞாபகம். பேரு என்ன சொன்னீங்க?"

அம்மா பட்டென்று வைத்தாள். "பேரே தெரியாம பாத்துட்டானாம்."

மூன்றாவது, துறைமுகப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்த சின்ன அறக்கட்டளை. "தினமும் எங்க கிட்டதான் மருந்து வாங்க வர்றாங்க, கண்ணால பாக்குறேன்" என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தாள். எடுத்தவளின் குரல் தூக்கமில்லாமல் கரகரத்தது.

"லிஸ்ட்டெல்லாம் இல்லம்மா, எழுத ஆளில்ல. உங்க பையனைப் பத்தி எனக்குத் தெரியாது. கிடங்குப் பக்கம் தண்ணி வடியல. வடிஞ்சாதான் ஆள் போக முடியும்."

"உங்களுக்கு என்ன தேவை?"

"சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் அனுப்பாதீங்க, வந்து சேர்றதுக்குள்ள கெட்டுப்போகுது. தண்ணியைச் சுத்தம் பண்ற மாத்திரை தீந்துபோச்சு. பணமா அனுப்புனா பக்கத்து ஊர்லயே வாங்கிப்போம், பில் அனுப்புறோம்."

வங்கிக் கணக்கு எண்ணையும் விசாரித்து முடித்து, குடியிருப்பில் புயல் நிவாரணத்துக்காகச் சேர்ந்திருந்த தொகையை அம்மா அங்கே அனுப்பினாள். சித்திக்குப் பொறுக்கவில்லை.

"தெரியாதுன்னு கையை விரிச்சவளுக்குக் குடுப்ப. பாத்தேன்னு சொன்னவனுக்குக் கிடையாது. இல்ல?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா. நாளைக்குத் தெரிஞ்சா அதையும் அவதான் சொல்லுவா."

சொல்லும்போது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. சித்தி நகர்ந்ததும் அம்மா சமையலறைக்குள் வந்து என் தோளைப் பிடித்தாள்.

"நான் கட் பண்ணுனது நிஜமாவே அவனையா இருந்தா?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"இன்ஜினியர்தானே நீ. சொல்லேன்."

அதன் பிறகு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மிக்ஸி ஓடினால் தொலைபேசி கேட்காது என்று மிக்ஸி ஓடவில்லை. குழாயைக்கூடச் சன்னமாகத்தான் திறந்தோம். பக்கத்து வீட்டில் மணி அடித்தாலும் மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

மறுநாள் மதியம் அடித்தது. அதே கரகரத்த குரல். "அம்மா, நான்தான், பள்ளிக்கூடத்துலருந்து..."

"வைங்க, நானே கூப்பிடுறேன்."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா எண்களை அழுத்தினாள். தவறாகப் போனது. மறுபடி அழுத்தினாள். எதிர்முனையில் மணி அடிக்கும் சத்தத்தை நான் வாழ்நாளில் அவ்வளவு பயத்தோடு கேட்டதில்லை.

"தண்ணி வடிஞ்சிருச்சும்மா," என்றாள் அவள். "கம்ப்ரெசர் ரூம்லதான் இருந்தார். சட்டைப் பையில அடையாள அட்டை இருந்துச்சு."

"எப்ப?"

"புயல் அன்னிக்கேன்னு டாக்டர் சொல்றார். தண்ணி வெளிய நின்னு அழுத்துனதுல கதவு திறக்கல."

அப்படியானால் முகாம் பொய். நசுங்கிய கால் பொய். டீசல் பொய். அம்மா துண்டித்தபோது மறுமுனையில் அவன் இல்லை. இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நொடி அம்மாவின் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவள் போல. உடனே, அப்படி இறக்கி வைத்ததற்காகவே திடுக்கிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

லைன் இரைந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."

"சரிம்மா," என்றாள் அம்மா. "நாங்க வர்றோம்."

ரோடு பாதி அடித்துப்போயிருந்தது. ஒரு மருந்து வண்டியில் இடம் கிடைத்தது. நடுவில் அம்மா, இரண்டு பக்கமும் நாங்கள். ஊர் நெருங்கியபோது தண்ணீர் நின்ற கோடு சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேல் தெரிந்தது. சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே முனகினாள்.

"கஷ்டப்படலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவ? என்ன குறைஞ்சு போயிருவா?"

அம்மா சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லியிருந்தா, மத்ததும் பொய்யா இருக்கும்னு எனக்கு ஒரு நப்பாசை மிஞ்சியிருக்கும்டி. அவ பொய் சொல்ல மாட்டா. அதான் பயமா இருக்கு."