அப்பா வாசிக்காமல் போன பத்தி

எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே மகள். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்தியே பழகிய கை என்னுடையது. அந்தக் கை அப்பாவுக்குச் செய்த ஒரு தவறும் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவருடைய பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா காப்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். பதினேழு வயதில், மாற்றுச் சட்டை ஒன்றோடு செந்தூலுக்கு வந்து ரயில்வே பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். பட்டறை அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. ஒன்று, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அளவு நாடா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடையை அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அம்மாவுக்கு அது பெரிய வெட்கம். இன்னொன்று, எழுதிக் கொடுக்காத வேலையைச் செய்யாமை. வேலைச் சீட்டில் இல்லாத ஆணியை அவர் தொடமாட்டார். பின்னாளில் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானபோதும், "எழுத்துல இல்லாதது கூட்டத்துல இல்ல" என்று விதியே போட்டுவிட்டார். வாய்க்கு வந்ததைப் பேசிச் சண்டையில் முடிந்த கூட்டங்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். தாம் பேசுவதையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் தாளைப் பார்த்தே வாசிப்பார்.

செந்தூலில் எங்கள் வரிசை வீடுகளை உங்களில் பலர் அறிவீர்கள். முன் வரிசையில் பன்னிரண்டு வீடுகள், பின் வரிசையில் பதினான்கு. நாங்கள் முன் வரிசையில் ஏழாம் எண். எட்டாம் எண்ணில் சந்திரன் அங்கிள். இரண்டு வீட்டுக்கும் சமையலறைச் சுவர் ஒன்றுதான். அம்மா மிளகாய் வறுத்தால் அங்கிள் அந்தப் பக்கம் தும்முவார். அவர் தும்மினால் அம்மா இந்தப் பக்கம் சிரிப்பார்.

அந்த வரிசைகளை இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் வரப்போகின்றன என்ற பேச்சு எழுந்தபோது, ஊருக்கு வெளியே சுங்கை பூலோ பக்கம் வீடு தருகிறோம், போய்விடுங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். சிலர் கொடி பிடிக்கலாம் என்றார்கள். சிலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அப்பா இரண்டையும் செய்யவில்லை. நகரத் திட்ட வரைபடத்தை வாங்கி வந்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். எங்கே ரயில் நிலையம் வருகிறது, எங்கே பூங்கா வருகிறது என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் விரலை வைத்துக் காட்டினார். கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் பேருந்து பிடித்துப் போனார். அவர் தமிழில் எழுதுவார், நான் மலாயில் மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பேன், அவர் போய் வாசிப்பார். ஒரு முறை நானும் உடன் போயிருந்தேன். அதிகாரி ஒருவர், "பாக் சிக், உங்களுக்கு வளர்ச்சி பிடிக்கவில்லையா?" என்று, பெரியவர்களை அழைக்கும் முறையில், மலாயில் கேட்டார். அன்று மட்டும் அப்பா தாளை மடித்து வைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

"சொல்லும்மா அவருகிட்ட. ஊரு வளரட்டும், நானும் அதைத்தான் கேக்கறேன். வளர்ற ஊருல நாங்களும் இருக்கணும்லா."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகும் அப்பா பல ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் அதே நிலத்தில், வெளியாருக்கும் சேர்த்துக் கட்டப்படும் அடுக்குமாடிகளில் எங்களுக்கும் வீடு என்று முடிவாயிற்று. முன் வரிசை முதலில் போவது, பின் வரிசைக்கு அடுத்த கட்டடம்.

லிப்ட் கதையையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் லிப்டின் அளவைப் பார்த்ததும் அப்பா நாடாவை எடுத்துக்கொண்டு கட்டுமான அலுவலகத்துக்குப் போனார். இளம் பொறியாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

"அங்கிள், எதுக்கு இவ்வளவு நீளம் கேக்கறீங்க? நாற்காலி, மேசையெல்லாம் தாராளமா போகும்."

"பெட்டி போகணும் தம்பி. மனுசனை நிக்க வச்சா கடைசியா கொண்டு போவீங்க?"

பொறியாளர் அப்படியே எழுந்து நின்றுவிட்டாராம். ஒரு லிப்டை நீளமாகக் கட்டினார்கள். குளிப்பாட்டக் கீழே ஓர் இடம், காரியம் செய்ய ஒரு கூடம், பெரியவர்கள் பிடித்து நடக்கக் கைப்பிடி என்று அப்பா எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

வீடுகளைப் பிரித்துக் கொடுக்கும் நாள் வந்தது. தலைவர் தனக்கு வேண்டியவர்களுக்கு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதில் அப்பா தீவிரமாக இருந்தார். ஆகவே குலுக்கல். ஒரு பிஸ்கட் டின்னில் மடித்த சீட்டுகள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே எடுக்க வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது என்று விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அவர் கடைசியாக எடுத்தார். எங்களுக்குப் பி கட்டடம், பதினான்காம் மாடி. சந்திரன் அங்கிளுக்கு ஏ கட்டடம், நான்காம் மாடி. பன்னிரண்டு குடும்பங்களில் எந்த இரண்டும் ஒரே மாடியில் விழவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒரு குலுக்கலா என்று எல்லோரும் கைதட்டினோம். நானும் பலமாகத் தட்டினேன்.

குடிபோன இரண்டாம் ஆண்டு, ஒரு காலை பத்து மணிக்கு அம்மா சமையலறையில் விழுந்தார். பழைய வீடாக இருந்தால் அப்பா சுவரைத் தட்டியிருந்தாலே போதும். சந்திரன் அங்கிளுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. மாடியில் உள்ள கதவுகளைத் தட்டினார். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில் ஒரு சீனப் பெண் கதவைத் திறந்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தப் புண்ணியவதியின் பெயர்கூட அப்பாவுக்கு அன்றுவரை தெரியாது. அப்பா லிப்டில் இறங்கி, அடுத்த கட்டடத்துக்கு ஓடி, அங்கிளைக் கையோடு அழைத்துக்கொண்டு மேலே வந்தபோது அம்மாவின் உயிர் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அப்பா அதைக் கேட்டுத் தலையசைத்தார். நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அப்பா தனியாக இருந்தார். கிள்ளானுக்கு வாருங்கள் என்று எத்தனையோ முறை அழைத்தேன். ஒரு தடவை வந்து, மூன்றாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டார். "நான் கொண்டாந்து விட்ட சனம்மா. நானே போய்ட்டா நல்லாருக்காது" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்து, நாற்காலியை நடைபாதையைப் பார்த்துப் போட்டு உட்காருவார். வரிசை வீட்டில் கதவு திறந்திருந்தால் உள்ளே வரலாம் என்று பொருள். பதினான்காம் மாடியில் அது யாருக்கும் தெரியாது. கடந்து போகிறவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் தங்கள் கதவைத் திறந்துகொண்டு போவார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் மாறிச் செந்தூல் வந்து சேர்ந்தபோது, கீழே இருந்த காவலர் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா தினமும் லிப்ட்ல நிக்கறாரு. பட்டன் அமுக்கறதில்ல. யாரு ஏறுனாலும் அவங்க மாடி வரைக்கும் கூடப் போய்ட்டு, திரும்ப வர்றாரு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். உடம்புக்கு ஏதும் இல்லையே?"

மேலே போய்க் கேட்டேன். "லிப்டு சரியா ஓடுதான்னு பாக்கறேன்மா. யாராச்சும் பாக்கணும்ல" என்றார். நான் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு பேரைக் கூட்டி வந்து குடிவைத்த மனிதர், நாலு முகத்தைப் பார்க்க லிப்டில் நின்றுகொண்டிருந்தார். அன்று அழுததுபோல் நான் அம்மாவுக்குக்கூட அழவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் தலைவராக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா விலகினார். பிரியாவிடை உரையை நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, வழக்கம்போல் என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்தார். ஐந்து தாள். செந்தூலின் எதிர்காலம், பிள்ளைகளுக்கு வாசிப்பறை, ரயில் நிலையத்துக்குக் கூரையிட்ட நடைபாதை என்று நான்கு தாள் போயிற்று. ஐந்தாம் தாளில் ஒரு பத்தி. அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்மைத்தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார். இந்த மனிதரைக் குறை சொல்ல ஊரில் நாலு வாய் காத்திருக்கிறது, இவரே எடுத்துக் கொடுக்கிறாரே என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். குறுக்கே ஒரு கோடு. நான்கு தாளை மட்டும் தட்டச்சு செய்து, கூட்டம் தொடங்கும் நேரத்தில் கையில் கொடுத்தேன்.

கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அப்பா வாசித்தார். கடைசித் தாள் முடிந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கேள்வி கேட்ட பிள்ளை பதிலுக்குக் காத்திருப்பதுபோல் சற்று நேரம் பார்த்தார். நான் கைதட்டத் தொடங்கினேன். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். எழுத்தில் இல்லாததைக் கூட்டத்தில் பேசாத மனிதர், "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

லிப்டில்தான் கேட்டார்.

"ஒரு பத்தி காணோமேம்மா?"

"உங்களையே நீங்க குறை சொல்லிக்கிட்டா, இத்தனை வருஷம் உழைச்சதுக்கு என்னப்பா மரியாதை?"

"சரிம்மா. நீ டீச்சர். உனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. விலகியவன் சங்கத்து வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். சென்ற மாதம் காய்ச்சலில் படுத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை, நான் பக்கத்தில் இருக்கும்போதே அவர் மூச்சு அடங்கியது. அவர் அளந்து கேட்டு வாங்கிய லிப்டில், படுத்தபடி, ஒரு குலுக்கலும் இல்லாமல் கீழே இறங்கினார்.

இறுதிச் சடங்கில் இப்போதைய தலைவர் குமார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பின் வரிசைக்காரர். நல்ல பிள்ளை. கண் கலங்கிச் சொன்னார்: "அக்கா, அடுத்த மாசம் எங்க குலுக்கல். தலைவர் போட்ட விதியில ஒரு எழுத்து மாத்தமாட்டோம். ஆளுக்கு ஒரு சீட்டு. அவருக்கு நாங்க செய்யற மரியாதை அதுதான்."

அங்கே, பெட்டிக்கு முன்னால், தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து என் பழைய கோப்பைத் தேடினேன். ஐந்தாம் தாள் இருந்தது. சிவப்புக் கோட்டோடு இருந்தது. அப்பாவின் பத்தியை ஓர் எழுத்தும் திருத்தாமல் இங்கே தருகிறேன்.

"நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வீடு கேட்டேன், லிப்ட் கேட்டேன், கூடம் கேட்டேன். எல்லாம் கிடைத்தது. பக்கத்து வீட்டைக் கேட்க மறந்துவிட்டேன். என்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வைத்தேன். அது என் பேருக்காகச் செய்தது. பன்னிரண்டு குடும்பத்தையும் நானே கலைத்துவிட்டேன். என் மனைவி விழுந்த அன்று எத்தனை கதவைத் தட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். பின் வரிசைக்கு வீடு கொடுக்கும்போது அந்த விதியைக் கிழித்துப் போடுங்கள். ஒரு மாடிக்கு ஏழு வீடு. பின் வரிசையில் பதினான்கு குடும்பம். இரண்டே சீட்டு போதும். எந்த மாடி விழுந்தாலும் ஏழு ஏழு பேராகச் சேர்ந்து போங்கள். இந்த ஊர் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் வளரட்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் வேண்டும்."

தம்பி குமார், இப்போது இது எழுத்தில் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் இதை வாசியுங்கள். இரண்டு ஆண்டு தாமதத்துக்குக் காரணம் நான்தான், அப்பா அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிக்க வேண்டும். பதவி வரிசையிலோ அகர வரிசையிலோ சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பழைய வீட்டு வரிசையில் சொல்கிறேன். பந்தலுக்கு முதல் ஆளாக வந்து நின்ற ஒன்றாம் எண் வேலு அண்ணனுக்கும், கிள்ளானுக்குக் குடிபோன பிறகும் முழங்கால் வலியோடு வந்த இரண்டாம் எண் சரசு அக்காவுக்கும், முதல் மூன்று நாளும் சோறு ஆக்கி அனுப்பிய மூன்று, நான்காம் எண் வீட்டாருக்கும், வர முடியாமல் போனில் அழுத ஐந்தாம் எண் பெரியம்மாவுக்கும், பூமாலை கட்டிய ஆறாம் எண் பிள்ளைகளுக்கும் நன்றி. அப்பாவின் அளவு நாடாவை அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பிய எட்டாம் எண் சந்திரன் அங்கிளுக்கும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை பெட்டியைத் தோளில் சுமந்த அத்தனை பேருக்கும் நன்றி. பதினான்காம் மாடியில் அன்று கதவைத் திறந்த அந்தச் சீனச் சகோதரிக்கும் நன்றி.

ஏழாம் எண்ணை விட்டுவிட்டேன். அது எங்கள் வீடு. அங்கிருந்து உங்களுக்கு நன்றி சொல்ல இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.