ஆறு நொடிப் பதிவு

நம்ப மாட்டீர்கள், தெரியும். நம்பாவிட்டால் போங்கள்! ஆனால் இது நடந்தது. என் அத்தானுக்கு, பட்டப்பகலில் நடந்தது.

அத்தான் ஸ்டீரியோ மெக்கானிக். பொல்லாத சந்தேகப் பிராணி. டப்பாவில் உப்பு என்று எழுதியிருந்தாலும் நக்கிப் பார்த்துத்தான் நம்புவார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தன் பென் டிரைவைச் செருகுவார். ஸ்பீக்கர்களைச் சோதிக்க என் அக்காவை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தது அதில் இருக்கிறது. "இடது" என்பாள், இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். "வலது" என்பாள், வலப்பக்கம் கேட்கும். அவ்வளவுதான். பாப்பா பிறந்த அன்றே அக்கா போய்விட்டாள். அவள் குரல் என்று எங்களுக்கு மிச்சமிருப்பது அந்த இரண்டு சொல்தான்.

அன்று பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அத்தான் அவளையும் வேலைக்கு அழைத்துப் போனார். தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் வீடு. அவருடைய பென் டிரைவ் டிவியில் பாடுகிறது, ஸ்டீரியோவில் செருகினால் 'ஃபைல் இல்லை' என்று காட்டுகிறது.

"கோளாறு இதுலயா, செட்டுலயான்னு பாத்துடலாம்" என்று அத்தான் தன்னுடையதைச் செருகினார். பாப்பா அவர் முதுகுக்குப் பின்னால் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இடது."

"வலது."

செட் சரியாகத்தான் இருக்கிறது. பெரியவரின் பென் டிரைவ் வேறு முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும், இந்த செட்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. நிறுத்தக் கையை நீட்டினார்.

அது நிற்கவில்லை. திரையில் நொடிகள் ஓடின. ஆறு நொடிப் பதிவு அது. பத்து ஆயிற்று... பதினைந்து...

கர்ர்ர்...

"பின்னால."

அதே குரல். இரண்டு ஸ்பீக்கரிலும்.

"ஐயா, போன்லேர்ந்து ப்ளூடூத்ல ஏதாச்சும் போடுறீங்களா?"

"அதெல்லாம் தெரிஞ்சா உன்னை எதுக்குப்பா கூப்பிடப்போறேன்?"

அத்தான் விடவில்லை. போனை வாங்கிப் பார்த்தார், ப்ளூடூத் அணைந்திருந்தது. யாரோ பதிவில் கைவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். என்மேல்கூடச் சந்தேகப்பட்டாராம், பாவி மனுஷன்! பென் டிரைவைப் பிடுங்கி லேப்டாப்பில் பார்த்தார். ஒரே ஃபைல். ஆறு நொடி. இரண்டு சொல்.

மறுபடி ஸ்டீரியோவில் செருகினார்.

இடது வரவில்லை. வலது வரவில்லை.

"பின்னால பாருங்க... சீக்கிரம்..."

திரும்பினார்.

கூடம் காலி. பாப்பா இல்லை.

சுவரோரம் கம்பளி வைக்கும் மரப்பெட்டி. மூடியிருந்தது. கொக்கி விழுந்திருந்தது.

உள்ளே... டொக். டொக்.

பிறகு அதுவும் நின்றது.

திறந்து தூக்கியபோது பாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் தெளித்த பிறகுதான் அழுதாள். அவளைவிடச் சத்தமாக அத்தான் அழுதார்.

"பாத்தியா மச்சான், உங்க அக்கா செத்தும் பிள்ளையைக் காப்பாத்திட்டா" என்றார் அன்று மாலை. உப்பையே நம்பாத மனுஷன் இதை அப்படியே நம்பிவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவர் குளிக்கப் போனதும் பாப்பாவிடம் கேட்டேன்.

"ஏன்டா தங்கம் பெட்டிக்குள்ள போனே?"

"'வா, ஒளிஞ்சுக்கலாம்'னு கூப்பிட்டாங்க மாமா."

"யாரு?"

"இடது வலது சொல்றவங்க."

குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"உள்ளதான் உக்காந்திருந்தாங்க. எனக்கு எடம் விட்டாங்க. நான் வந்ததும் அவங்கதான் மூடினாங்க."

அத்தானிடம் இதை இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நாளைக்கும் பள்ளி விடுமுறை. பாப்பாவும் அவருடன் வேலைக்குப் போகிறாள். அம்மா துணை இருக்கட்டும் என்று, அந்தப் பென் டிரைவைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டிருக்கிறார்...