நீலப் புள்ளி வைத்த தெர்மோஸ்டாட்

தெருவில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அவ்வளவுதான். லென்ஸைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்னால், வெளியே பார்க்க வேண்டிய பக்கத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைப்பார். உள்பக்கம் வெளிப்பக்கம் மாறிவிடக் கூடாதல்லவா? கடையில் ஆரம்பித்த பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மிக்ஸி மூடி, மின்விசிறி இறக்கை, குழாய் வாஷர் என்று அவர் கழற்றி மாட்டிய எல்லாவற்றிலும் நீலப் புள்ளியைப் பார்க்கலாம். காரை மெக்கானிக்கிடம் விடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "கண்ணுக்கே பிசகாம கண்ணாடி மாட்டுறவன், ஒரு போல்ட்டை முடுக்க மாட்டேனா?" என்பார். மனுஷருக்குக் கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் கார் இன்ஜினில் தெர்மோஸ்டாட் பழுதானது. பெயர்தான் பெரிசு, சாமான் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்ஜின் சூடேறினால் வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். வேறு வேலை அதற்குக் கிடையாது. வீட்டு வாசலிலேயே குழாயைக் கழற்றி, மூடியைத் திறந்து, அவரே புதுசு வாங்கி மாட்டினார். மாட்டிய கையோடு தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார்.

அந்தச் சமயம் காரை அதிகம் ஓட்டியது அவர் மனைவி. மனைவியின் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், பாலம் தாண்டி இருக்கும் பிசியோதெரபி மையத்துக்கு அக்காவைக் கூட்டிப்போவதற்காகவே, தலை நரைக்கிற வயசில் அந்த அம்மாள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அக்காவின் மூடிய விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்திருந்தன. இடையில் விட்டுவிடக் கூடாது என்று மையத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

தெர்மோஸ்டாட் மாற்றிய அதே வாரம், பாலத்து ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. பின்னால் ஹார்ன் சத்தம், முன்னால் புகை, சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். தகவல் கேட்டு இவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வண்டியில ஏதோ கோளாறு இருக்குங்க. நான் சரியாத்தான் ஓட்டுனேன்" என்றாள் மனைவி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சூடு காட்டுற ஊசி ஏறுறதைப் பார்க்கத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காருக்குள் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாவியை ஆணியில் மாட்டியவள் மறுபடி அதைத் தொடவில்லை. அக்காவால் பஸ் ஏற முடியாது. வாடகை வண்டி வைக்கலாமா என்று மனைவி கேட்டபோது, "வீட்ல கார் நிக்குது, வாடகை வண்டி எதுக்கு? அடுத்த வாரத்திலேருந்து நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கடையில் கூட்டம், கணக்கு, தலைவலி, ஏதாவது ஒன்று. அவர் காரை ஓட்டியதெல்லாம் வீட்டிலிருந்து கடைக்கு, கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தில் எந்த இன்ஜினும் கொதிக்காது.

போன வாரம்தான் சட்டங்கள் வாங்க வெளியூர் கிளம்பினார். ஊசி ஏறியது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், அப்போதும் ஏறியது. புகை வந்து, ஓரங்கட்டி நின்றார்.

கடை விடுமுறை அன்று காலையில், ஆறிக்கிடந்த இன்ஜினைத் திறந்தார். குழாயைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் அவரைப் பார்த்தது அவருடைய நீலப் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கும் செம்புக் குமிழும் துருத்திக்கொண்டு நின்றன.

சூட்டை உணர்கிற குமிழ் அதுதான். அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இவர் வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தார். ஏன் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. பழையதைக் கழற்றும்போது கைதவறி விழுந்து உருண்டுவிட்டது, எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்கவில்லை. லென்ஸில் புடைத்த பக்கம்தான் வெளியே பார்க்கும், இதிலும் அப்படித்தான் என்று புடைத்த பக்கத்தில் புள்ளி வைத்து மாட்டிவிட்டார். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கையெழுத்துப் போட்டுச் செய்த தப்பு.

"என்னவாம்?" என்று மனைவி வாசலுக்கு வந்தாள்.

"தெர்மோஸ்டாட் கோளாறு" என்றார். வாய் முந்திக்கொண்டது.

"அப்போ அன்னைக்கும் இதுதானா?" அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கூசியது. "அப்போ என் மேல தப்பில்ல?"

"இல்ல."

இதோடு நின்றிருந்தால் மனுஷர் தப்பித்திருப்பார். ஆனால் அவள் மலர்ச்சி அப்படியே கோபமாக மாறியது. "புதுசுன்னு சொல்லி அந்தப் பார்ட்ஸ் கடைக்காரன் கோளாறைத் தலையில கட்டியிருக்கான். எங்கக்கா கை போச்சுங்க! கொடுங்க இங்கே" என்று அந்தச் சாமானைப் பிடுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கத்தவும் முடியாமல் இவர் பின்னாலேயே ஓடினார். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் நடந்த வேகத்தில் மூச்சுதான் வந்தது.

உதிரிபாகக் கடைக்காரர் பஞ்சு மாதிரி மனுஷர். அவள் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆயிரத்துல ஒண்ணு அப்படி வந்துடுதும்மா. எங்களை மன்னிச்சுக்குங்க. புதுசு தர்றேன், காசு வேணாம்" என்று கையைக் கூப்பினார்.

அந்தக் கூப்பிய கையைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. ஆடத் தெரியாதவள் என்று பாலத்தில் கத்தியது இப்போது அவர் காதிலேயே கேட்டது.

"அவர் மேல தப்பில்ல" என்றார். "சாமான் நல்ல சாமான். நான்தான் திருப்பி மாட்டிட்டேன். அன்னைக்கு வண்டி கொதிச்சது என்னாலதான்."

மனைவி கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். நீலப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தாள், அது போகவில்லை. கடைக்காரரிடம், "நீங்க மன்னிக்கணும்ணே" என்றாள். புள்ளி வைத்ததை அங்கேயே வைத்துவிட்டு, புதுசுக்குக் காசு கொடுத்தாள். வீடு வரும்வரை அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை.

வாசலில் அவர் குனிந்து வேலை செய்ய, அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"இப்ப எந்தப் பக்கம்?"

"ஸ்பிரிங் இன்ஜினைப் பார்க்கணும்."

"கொடுங்க" என்று வாங்கி, தானே உள்ளே வைத்தாள். அவர் மூடியைப் போட்டு, குழாயை மாட்டி, தண்ணீர் ஊற்றினார். அவள் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்தாள். "ஏறுங்க" என்றாள். முதலில் பாலத்துக்கு ஓட்டினாள். ஏற்றத்தில் அவர் ஊசியைப் பார்த்தார். அது பாதியில் நின்றது, அசையவில்லை. அவளோ சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து, அக்கா வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தினாள், ஆனால் இறங்கவில்லை.

"நீங்க போய் அக்காகிட்ட சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அக்கா நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காரைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க தம்பி! வண்டி சரியாயிடுச்சா?"

அவர் எதிரே முழங்காலிட்டு, அவள் இடது கையை எடுத்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். திறக்க ஆரம்பித்திருந்த விரல்கள் இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தன.

"விடுங்க தம்பி. வண்டி கெட்டுப்போனா நீங்கதான் என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"வண்டி மேல பழி போடாதீங்கக்கா. நான்தான் தப்பா மாட்டினேன். அவளையும் திட்டி நிறுத்திட்டு, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். உங்க கையை மூட வெச்சது நான்தான்."

அக்காவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்போ என்னைப் பிடிச்சுத் தூக்குங்க. மையத்தை மூடிடப் போறாங்க."

அவர் தாங்கிப் பிடித்து எழுப்பினார். படி இறங்கிக் கார்வரை போகிற மட்டும், அந்த மூடிய கை அவர் தோளின் மேலேயே கிடந்தது.